வேலையில்லாதவர் என்று யாரை எண்ணுகிறோம்?

2013இல் கிரேக்க நிதி அமைச்சகம், தன் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த 595 பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. கடன் கொடுத்தவர்கள் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கிய நேரம் அது. அந்தப் பெண்களில் நிறையப் பேர் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். அந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது? சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஏதென்ஸில் அமைச்சக வாசலிலேயே மாதக்கணக்கில் போராடினார்கள். 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் அவர்களைத் திரும்ப எடுத்தார்கள்.

அந்தக் கையுறைப் படங்களைப் பார்த்ததிலிருந்து கிரேக்கத்தின் வேலையின்மைக் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கூடவே அயர்லாந்தையும். இரண்டு நாடும் 2010இல் வெளியில் கடனுக்குக் கை நீட்டியவை. ஆனால் வேலை போன கதை இரண்டிலும் வேறு வேறு.

கிரேக்கத்தில் 2013இல் பெண்களின் வேலையின்மை 31 சதவீதத்தைத் தாண்டியது. ஆண்களுக்கு 24 சதவீதத்துக்குச் சற்று மேல். அடுத்த ஆண்டு வேலையில்லாதவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சும்மா இருந்தவர்கள். நீண்டகால வேலையின்மை என்பது இதைத்தான். இதிலும் பெண்களின் விகிதமே அதிகம். அயர்லாந்தில் தலைகீழ்: 2012இல் ஆண்களின் நீண்டகால வேலையின்மை பெண்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அயர்லாந்தில் விழுந்தது கட்டுமானம். 2007 வாக்கில் அந்தத் தொழிலில் ஏறக்குறைய 2.7 லட்சம் பேர் இருந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் அது சுமார் ஒரு லட்சமாகச் சுருங்கியது. கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லாம் ஆண்கள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்த பெண்களுக்குச் சம்பளம் குறைந்தாலும் வேலை பெரும்பாலும் மிஞ்சியது.

சரி, அப்படியானால் அயர்லாந்துப் பெண்கள் தப்பித்துவிட்டார்களா? தப்பித்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கணக்கெடுப்பில் ஒருவரை ‘வேலையில்லாதவர்’ என்று எழுத வேண்டுமென்றால், அவர் கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராக இருக்க வேண்டும். தேடித் தேடிக் கை ஓய்ந்தவரும், குழந்தையை விட இடமில்லாதவரும் இதில் வரமாட்டார்கள். ‘தன் வீட்டு வேலையைப் பார்ப்பவர்’ என்ற கட்டத்துக்குப் போய்விடுவார்கள். 1973 வரை அயர்லாந்தில் அரசு வேலையிலிருக்கும் பெண் கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டும் என்பது விதி. அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் அந்தக் கட்டத்திலேயே முதுமையைத் தொட்டார்கள். அயர்லாந்தில், வேலையில் இருந்தபோது கட்டிய பங்களிப்புக்குக் கிடைக்கும் உதவித்தொகையின் காலம் முடிந்தால், அடுத்த தொகைக்குக் கணவர் வருமானத்தையும் பார்ப்பார்கள். அவர் சம்பாதித்தால் மனைவிக்குச் சல்லிக்காசு வராமலும் போகலாம். அப்புறம் அந்தப் பெண் எதற்காகப் போய் வேலையில்லை என்று பதிவு செய்வார்?

கிரேக்கத்தில் இடைவெளி நெருக்கடிக்கு முன்பே இருந்தது. 2008லேயே பெண்களின் வேலையின்மை ஆண்களுடையதைப் போல இரண்டு மடங்கு. அதற்கு மேல் கணவரின் வேலையும் போக, 2012க்குப் பிறகு உதவித்தொகையோ மாதம் 360 யூரோதான் இருந்தது, அதுவும் அதிகபட்சம் ஒரு வருடம். வீட்டிலிருந்த பெண்களும் வேலை தேடி இறங்கினார்கள். இறங்கியதால் கணக்கில் வந்தார்கள்.

போன வருடம் எங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தார்கள். அப்பாதான் வாசலில் நின்று பதில் சொன்னார். “மருமகளா? அவ வீட்லதான் இருக்கா.” அண்ணி அடுப்படியில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். பிரசவத்துக்கு விட்ட வேலை, திரும்பக் கேட்டபோது இல்லை என்றார்கள். அப்புறம் ஐந்து பள்ளிகளுக்கு எழுதிப் போட்டார். அன்று ராத்திரி கேட்டேன், கடைசியாக எப்போது இன்டர்வியூ போனீர்கள் என்று. யோசிக்கவே இல்லை. “ரெண்டு வருஷம் எட்டு மாசம்” என்றார்.

உங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தால், வாசலில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.