பல் கறைக்குத் துலக்காதது காரணமில்லை, தண்ணீர்தான்
பல்லில் பழுப்புக் கறை படிவதற்கு ஒழுங்காகப் பல் துலக்காததே காரணம் என்று ஒரு கட்டுரையில் இருப்பது எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. பாலக்கோடு பக்கம் நான் படித்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கறை உண்டு, எனக்கும்தான். இரண்டு வேளை துலக்கியும் போகவில்லை. அது சொத்தை இல்லை. பாறையிலிருந்து கரைந்து போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் கலக்கும் ஃபுளோரைடு என்ற உப்புதான் காரணம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல்லின் மேல்பூச்சான எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுக்குள், அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் கறை பல்லுக்குள்ளேயே பதிந்துவிடும், அப்புறம் மேலே தேய்த்து என்ன பயன்? பல்லோடு நின்றாலும் பரவாயில்லை. என் அப்பாவுக்கு 50 வயதிலேயே முதுகு விறைத்து, குனிந்து செருப்பை எடுக்க முடியாமல் போனது. வாதம் என்று பல வருஷம் வலி மாத்திரை கொடுத்தார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபுளோரைடு எலும்பிலும் ஏறும். அப்படி ஏறிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது, தண்ணீரை மாற்றுவதுதான் முதல் சிகிச்சை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்கிறார். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைக்கிறது, சரி. ஆனால் குழாயில் வராத நாளில் எங்கள் தெருவில் இன்னமும் போர் தண்ணீரில்தான் சோறு வடிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில்கூட.