சீன முகம் என்றால் உறுதிமொழி எழுதித் தரணுமா?

2020 அக்டோபரில் ஆஸ்திரேலிய செனட் குழு ஒன்று புலம்பெயர் சமூகங்களின் பிரச்சினைகளை விசாரித்தது. சீன வம்சாவளியினர் அரசியலில் ஏன் இவ்வளவு குறைவு என்று பேச மூன்று பேர் வந்திருந்தார்கள். செனட்டர் எரிக் அபெட்ஸ் அவர்களிடம் கேட்டது வேறு: சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் சர்வாதிகாரத்தை நிபந்தனையில்லாமல் கண்டிக்கிறீர்களா? மூவரில் ஒருவர் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். இத்தாலியப் பெயர் உள்ளவரிடம், முதலில் மாஃபியாவைக் கண்டித்துவிட்டுப் பேசுங்கள் என்று அங்கே யாராவது கேட்பார்களா?

இந்தச் சந்தேகம் பழையது. 1855-ல் விக்டோரியா காலனி, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்கத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, விக்டோரியாவின் தங்கவயல்கள் வரைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே போனார்கள். 1901-ல் வந்த சட்டமோ இன்னும் தந்திரமானது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார், குடியேற வந்தவர் பிழையில்லாமல் எழுதணும். எந்த மொழி என்பது அவர் இஷ்டம். வெள்ளையர் அல்லாதவரைத் தடுத்த இந்த ‘வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை’யின் மிச்சசொச்சம் 1973-ல்தான் ஒழிந்தது.

1989-ல் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களை ராணுவம் சுட்டுக் கொன்ற தியானன்மென் படுகொலைக்குப் பிறகு, அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் பொதுமேடையில் கண்ணீர் விட்டார். ஆஸ்திரேலியாவில் இருந்த சீன மாணவர்களை வெளியேற்றவில்லை. குடும்பத்தாரையும் சேர்த்துச் சுமார் 42,000 பேருக்குக் கடைசியில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. பெய்ஜிங்கின் துப்பாக்கியால் அங்கேயே தங்கிப்போனவர்கள் இருக்கும் சமூகத்திடம்தான் இப்போது விசுவாசச் சான்றிதழ் கேட்கிறார்கள்!

அதற்காகப் பெய்ஜிங்கின் கை அங்கே நீளவில்லை என்று சொல்ல வரவில்லை. 2023 ஜூலையில் ஹாங்காங் காவல்துறை, வெளிநாட்டில் வாழும் ஜனநாயக ஆதரவாளர்கள் எட்டுப் பேரின் தலைக்குத் தலா பத்து லட்சம் ஹாங்காங் டாலர் விலை வைத்தது. அதில் கெவின் யாம் ஆஸ்திரேலியக் குடிமகன், மெல்பர்னில் இருப்பவர். 2021-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையில், வகுப்பில் பேசினால் ஊரில் பெற்றோர் வீட்டுக்குப் போலீஸ் போகும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும், ஆஸ்திரேலியாவில் படிக்கும் சீன மாணவர்கள் வருகிறார்கள். ஊரில் சொந்தங்களை விட்டுவிட்டு வந்த நம் ஈழத்து உறவுகளுக்கு இந்தப் பயத்தை விளக்கவே வேண்டாம்.

பன்முகப் பண்பாட்டுக் கொள்கை என்றால் சந்திரப் புத்தாண்டுக்கு அமைச்சர் வந்து சிங்க நடனத்தோடு போட்டோ எடுப்பது என்றாகிவிட்டது. சீனர் சங்கத் தலைவர் சொல்வதே சமூகத்தின் குரல். அந்தத் தலைவரை எதிர்த்துப் பேசுகிறவருக்கு அந்தப் போட்டோவில் இடமில்லை. என் கணக்கில் கொள்கை முதலில் காக்க வேண்டியது அவரைத்தான். மிரட்டல் வந்தால் சீன மொழிகளான மாண்டரினிலோ கான்டனீஸிலோ புகார் கொடுக்க வழி இருக்கிறதா, கொடுத்தால் போலீஸ் எழுந்து வருகிறதா? செனட்டர் அதைக் கேட்டிருக்கலாம்.