கடலுக்கு வந்த எச்சரிக்கை ஆற்றுக்கும் வேண்டும்

2004 சுனாமிக்குப் பிறகு நாம் எவ்வளவு தயாராகியிருக்கிறோம் என்று நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. நான் நெல்லை மாவட்டக் கடலோர ஊரான உவரிக்காரன். கடற்கரையில் நிறையவே மாறியிருக்கிறது. அன்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது கள்ளக்கடலுக்குக்கூட (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) முன்கூட்டியே செய்தி வருகிறது, வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிடுகிறோம்.

சரி, ஆற்றங்கரை? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் ரயிலோடு சிக்கியவர்கள் ஏறக்குறைய 800 பேர். தாமிரபரணிக் கரையில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு நாள் போன் போகவில்லை. வாசல்படியில் தண்ணீர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். டவர் போனாலும் காதில் விழும்படி கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கியிலேயே ஆற்று நிலவரத்தைச் சொல்ல ஊருக்கு ஊர் அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.