புல்வெளியில் குழி தோண்டாதீர்கள்

பழனி மலையில், கொடைக்கானலுக்கு மேலே ஒரு புல்வெளி மேட்டில் மரக்கன்று நட்டு ஒரு குழு போட்ட வீடியோவைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை அதே குழு "அடுத்த கட்டம்" என்று இன்னொரு அறிவிப்பு போட்டிருக்கிறது. மழை தொடங்கியதும் அதே மலை, அதே மேடு, இன்னும் கூடுதல் கன்றுகளாம். கீழே வாழ்த்து மழை. நடுவில் ஒருவர் என் பெயரை இழுத்து, "மரம் நட்டால்கூட சிலருக்கு வயிறு எரிகிறது" என்று எழுதியிருக்கிறார். சரி, பேசியே விடுகிறேன்.

நான் அன்றைக்குச் சொன்னது ஒரே வரி. அது புல்வெளி, அங்கே மரம் நடாதீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை வசவு.

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். பள்ளங்களில் கரும்பச்சையாகச் சோலை, அதாவது குட்டை மரங்கள் அடர்ந்த மலைக்காடு. அதற்கு மேலே மேடு முழுக்கப் புல். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் காடு. சமவெளியிலிருந்து ஏறிப்போகிற நமக்கு மரம் இல்லாத இடம் என்றாலே யாரோ வெட்டித் தீர்த்த இடம் என்று தோன்றிவிடுகிறது. அந்த மலைகளுக்கு அது பொருந்தாது. நீலகிரியில் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கி இருந்ததைக் காட்டியது. நம் நாட்டில் யாரும் நெல் விதைக்கத் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்னால்! அதைப் போய் "மொட்டை மலை", "பசுமையாக்குவோம்" என்று பேனர் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். விளைந்து நிற்கிற வயலைக் காலி மனை என்று சொல்லி அஸ்திவாரம் தோண்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மார்கழி, தை மாதங்களில் அந்த மேட்டில் உறைபனி விழும். பெரும்பாலான சோலை மரங்களின் கன்றுகள் அதில் கருகிவிடும். சோலை பள்ளத்தோடு நின்றுகொள்வதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். புல்லின் வேர் அந்தக் கறுப்பு மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மழையை வாங்கி, கசியவிட்டு, சதுப்புக்கு அனுப்பி, அங்கிருந்து ஓடைக்கு விடுகிறது. மஞ்சளாறும் மருதாநதியும் சண்முகாநதியும் பழனி மலையில் பிறக்கிறவைதான். பெரியகுளத்திலும் பழனியிலும் குழாயைத் திறக்கிறவருக்கும் அந்தப் புல்லோடு சம்பந்தம் உண்டு.

"மரம் இருந்தால்தானே மழை, தண்ணீர்" என்று கேட்டவர்களுக்கு: நீலகிரியில் க்ளென்மார்கனில் புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, ஓடையைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். ஓடைக்கு வருகிற தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வேகமாக வளரும் மரம் வருடம் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சும். மரம் எல்லா இடத்திலும் தண்ணீரைக் கூட்டும் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

என் தாய்மாமா மேல்மலைக்காரர், கொடைக்கானலைத் தாண்டிய அந்த ஊர்ப்பக்கம். எழுபதுகளில் அந்தப் புல்வெளிகள் சீகை, அதாவது வாட்டில் என்கிற ஆஸ்திரேலிய மரத்தின் தோட்டம் ஆனபோது கூலிக்குக் குழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர். அப்போதும் நல்ல எண்ணம்தான். தோல் பதனிடப் பட்டை வேண்டும், மரக்கூழ் வேண்டும், சும்மா கிடக்கிற நிலம்தானே என்றுதான் நட்டார்கள். குழியில் கடப்பாரை இறங்கினால் மேலே பாய் மாதிரி புல், கீழே ஈரம் என்று மாமா சொல்வார். சதுப்பு ஓரமாக வெட்டிய குழிகளில் தண்ணீர் நின்றதாம். அவர் மாடு ஓட்டிப்போன பாதையில் இன்றைக்கு ஆள் நுழைய முடியாது. அவ்வளவு சீகை. வெட்டினால் துளிர்க்கிறது, தீ வைத்தால் மண்ணுக்குள் கிடக்கிற விதையெல்லாம் சேர்ந்து முளைக்கிறது. மேய்ச்சலுக்குப் புல் இல்லாமல்தான் காட்டுமாடு பூண்டுத் தோட்டத்துக்குள் இறங்குகிறது என்பது மாமாவின் கட்சி. அது மட்டுமே காரணமா என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக் காவல் காக்கிறவர் அவர். உங்கள் வீடியோவைக் காட்டினேன். பேசவே இல்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு, 2018இல் வந்தது. மரத்தோட்டமும் விவசாயமும் விழுங்கிய இடம் அது. மீதி இருப்பது மூன்றில் ஒரு பங்கு. அதில்தான் நீங்கள் குழி தோண்டுகிறீர்கள்.

"அரசாங்கமே நட்டதே" என்கிறீர்கள். ஆமாம், நட்டது. அதே அரசுதான் 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனியாக ஒரு கொள்கையே வெளியிட்டது. நட்டதைப் பிடுங்குவதற்கு இப்போது பணம் செலவாகிறது. இது போதாதா?

"நாங்கள் நாட்டு மரம்தான் நட்டோம்." இதைத்தான் அதிகம் பேர் சொன்னீர்கள், கோபமாகவும் சொன்னீர்கள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது புங்கன், நாவல், சில்வர் ஓக். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். புங்கன் நம் ஊர் மரம்தான், அது நிற்க வேண்டிய இடம் ஆற்றங்கரையும் சாலையோரமும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்து உறைபனியில் அது செத்துப்போகும். கன்று செத்தால் உங்கள் உழைப்பும் காசும் வீண். பிழைத்துக்கொண்டால் புல்லுக்கு ஆபத்து. இன்னொன்றும் சொல்கிறேன். அசல் சோலை மரத்தையே கொண்டுபோய் நட்டிருந்தாலும் அங்கே நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அது புல்வெளி. எத்தனை முறை சொன்னாலும் இது ஏன் காதில் ஏறுவதில்லை?

கார்பன் கணக்கு சொன்னவர்களுக்கு: புல்வெளி தன் கார்பனை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. குழி தோண்டி அந்த மண்ணைக் கிளறுவது அதற்கு நல்லதல்ல. சீகை நிழலில் சோலைக் கன்றுகள் முளைக்கின்றனவே என்று ஒருவர் கேட்டார். சில இடங்களில் முளைக்கின்றன, உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே சீகை மூடிய இடத்தை என்ன செய்வது என்கிற பேச்சு. திறந்த புல்வெளியில் குழி வெட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

2018இல் குறிஞ்சி பூத்தபோது எத்தனை வண்டி ஏறியது! போட்டோ போடாதவர் உண்டா? அது பூத்தது எங்கே? மரத்தடியிலா? அந்தப் புல் சரிவில்தான். அடுத்து 2030இல் பூக்கும்போதும் ஏறுவீர்கள். நம் மாநில விலங்கு வரையாடு மேய்வது அதே மாதிரிப் புல்வெளியில்தான். நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, உயரமான மலைப் புல்வெளியை விட்டால் அதற்கு உலகத்தில் வேறு போக்கிடமே கிடையாது. புலி, யானை என்றால் உருகுகிறோம். புல்லை யாரும் காடு என்று சொல்வதில்லை, ஏட்டில் தரிசு என்று எழுதி வைத்துவிட்டார்கள். கொடைக்கானல் சரணாலயத்தை 2013இல் அறிவித்தார்கள், 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் எல்லையை ஒட்டியே இப்படி நடக்கிறது என்றால், பாதுகாக்கப்பட்ட காடு என்ற பலகையில் எழுதியிருப்பது மரத்துக்கு மட்டும்தானா?

கடைசியாக அந்தக் கேள்வி. "நீ எத்தனை மரம் நட்டாய்?" இதைக் கேட்டவர் யாரோ என்றால் கடந்து போயிருப்பேன். வெள்ளத்தின்போது என்னோடு சேர்ந்து அரிசி மூட்டை தூக்கியவர், வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவர். அண்ணே, உங்களை நான் என்றைக்காவது விளம்பரத்துக்கு அலைகிறவர் என்று சொன்னேனா? உங்கள் உழைப்பை ஒரு நாளாவது குறைத்துப் பேசினேனா? வறண்ட கண்மாய்க் கரையில் நீங்கள் வளர்த்த மரங்களைப் பற்றி நானே இங்கே எழுதியிருக்கிறேன். அது அங்கே சரி. இது இங்கே தப்பு. இதைச் சொல்ல நான் எத்தனை மரம் நட்டிருக்க வேண்டும்? மேல்மலையில் இருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? இ-பாஸ் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டீர்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு அந்தச் சரிவு என்ன என்று கேட்கக்கூட நேரம் இல்லையா? எனக்கு வலித்தது நீங்கள் திட்டியது இல்லை. அவர்களில் ஒருவர்கூட உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது.

வனச்சரக அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும். அதுவரைக்கும் அந்தக் குழுவில் இருக்கிற யாராவது, என்னைத் திட்டிக்கொண்டே செய்தாலும் பரவாயில்லை, அந்த மேட்டில் என்னென்ன கன்று, எந்தெந்த இடத்தில் நட்டீர்கள் என்று எழுதிப் போடுங்கள். படம் வேண்டாம். எவை வேர் பிடிக்கும் என்று தெரிந்தால் அடுத்த மழைக்கு முன்னாலேயே அனுமதி வாங்கி அவற்றையாவது எடுத்துவிடலாம்.