பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் கட்சியைக் கேட்கிறார்கள்

"நாகரிகமாக விவாதியுங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. வசைச்சொல்லா இங்கே பிரச்சினை? ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், வணக்கம் சொல்லி, ஐயா போட்டு, எதிரில் இருப்பவரைப் பேசவே விடாமல் செய்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குத் தேவை ஒரே கேள்வி: நீங்கள் எந்தக் கட்சி?

சில மாதங்களுக்கு முன் முகநூலில் ஒரு பெண் பதிவு போட்டிருந்தார். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததில் மாதாமாதம் கையில் காசு மிஞ்சுகிறது. ஆனால் தன் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸின் ஆறரை மணி நடை அடிக்கடி ரத்தாகிறது, வேலை முடிந்து இருட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். நன்றியும் குறையும் ஒரே பத்தியில். முதலில் வந்தவர் "சங்கிக்கு ஏன் எரிகிறது?" என்றார். அடுத்தவர் "ஓசியில் போனால் இப்படித்தான்" என்றார். பிறகு இரண்டு தரப்பு ஆட்களும் வந்து இறங்கிவிட்டார்கள். உபி, அடிமை, தம்பி, இருநூறு ரூபாய் என்று ஒருவர் கட்சியை இன்னொருவர் கேலி செய்யும் பட்டங்கள் பறந்தன. ஒருவர் 1967-இலிருந்து ஆரம்பித்தார். இன்னொருவர் குஜராத்துக்குப் போய்விட்டார். நடுவில் அந்தப் பெண் மறுபடியும் வந்து, "அந்த ஆறரை மணி பஸ்ஸைப் பற்றி யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கிடைத்தவை சிரிப்புக் குறிகள்.

பேசுவதற்கு அதில் எவ்வளவு இருந்தது! 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த அன்றே ஸ்டாலின் கையெழுத்திட்ட திட்டம் இது. பெண்கள் கொடுக்காத கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாக ஈடுகட்டுகிறது. அப்படியானால் நடை ஏன் ரத்தாகிறது? ஓட்டுநர், நடத்துநர் போதவில்லையா? பஸ் பழசாகிவிட்டதா? போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கப்படுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. பயணிகளிடம் இந்தத் திட்டம் என்ன செய்தது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வே நடத்தியிருக்கிறது. திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அவற்றில் சரக்கு இருக்கிறது. அத்தனை கருத்துகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பதைவிடச் சூடான தலைப்பு இன்றைய முகநூலில்கூட இல்லை. 1943-இல் அதைப் பற்றிச் சென்னை சட்டக் கல்லூரியில் கொளுத்தச் சொன்ன அண்ணாவும் அதை எதிர்த்த தமிழறிஞர் ரா.பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். அடுத்துச் சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். கொளுத்த வேண்டும் என்றவரும் கூடாது என்றவரும் ஒரே கூட்டத்தின் முன் நின்று, மற்றவர் சொன்னதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உடனே பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். நம் ஊர் இரவுப் பொதுக்கூட்டங்களில் காது கூசும் பேச்சு பேசியவர்களுக்கும் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் சட்டக் கல்லூரியில் கேட்க வந்தவர்கள் இரு தரப்பையும் கேட்க வந்தவர்கள். இங்கே பதில் எழுதப்படுவது எதிராளிக்கே அல்ல, பின்னால் நின்று கைதட்டும் தன் ஆட்களுக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, "வெச்சு செய்தாச்சு" என்று நாலு பேர் சொன்னால் காரியம் முடிந்தது. கட்சிகளின் ஐ.டி. பிரிவுகள் இதைச் செய்வது எனக்குப் புரிகிறது, அவர்கள் வேலை அது. கட்சியில் உறுப்பினர்கூட ஆகாமல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதே வேலையைப் பார்க்கும் ஆசிரியர்களையும் வங்கி அதிகாரிகளையும்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

"உள்நோக்கம் பார்க்காமல் எப்படி? அந்தப் பெண்ணே எதிர்க்கட்சியாக இருந்தால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டுமே. அவர் எதிர்க்கட்சி என்று நிரூபித்துவிட்டால் ரத்தான பஸ் வந்துவிடுமா?

என் பக்கத்தில் இனி ஒரே விதிதான். திட்டத்தைத் திட்டலாம், அரசைத் திட்டலாம், என்னையும் தாராளமாகத் திட்டலாம், எழுதியிருப்பதைப் படித்துவிட்டு. கட்சி ஜாதகம் கணிக்க வருகிறவர்களின் கருத்தை மட்டும் கேட்காமலே நீக்கிவிடுவேன். இந்தப் பதிவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.