ஒற்றை வண்டியோடு மணலுக்குள் போவது வீரம் இல்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இரண்டு நாளாக எல்லா வட்ஸ்அப் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. ஓமானில் வேலை செய்யும் நம்ம இலங்கை மலையகத்துப் பிள்ளைகள் நாலு பேர், ஒரே ஒரு வண்டி, பின்சீட்டில் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல். வஹீபா மணல் பாலைவனத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் சக்கரம் புதைந்து அரைநாள் கிடந்திருக்கிறார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஓர் அரபுப் பெரியவர் இழுத்து விட்டிருக்கிறார். அதற்குக் கீழே நம்மவர்கள் எழுதுகிறார்கள், "தோட்டத்துப் பசங்கடா, எங்க விட்டாலும் பொழைப்போம்" என்று.

அந்தப் பெரியவர் வராமல் போயிருந்தால்? நானூறு பின்னூட்டத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

ஆளில்லாத இடம் தேடிப் போனால், உதவிக்கும் ஆள் வராது. வராது என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். ஒற்றை வண்டியோடு போகாதீர்கள். ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து லயத்துக் காம்பிராவில் பிறந்து, ஓமானிலும் ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுக்கிற பிள்ளைக்கு, கண்ணுக்கெட்டிய வரை யாருமே இல்லாத இடம் வேண்டும் என்று மனசு கேட்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 லீற்றர் வையுங்கள். ஓர் இரவு தங்கப் போகிறீர்கள் என்றால் 2 நாள், மாட்டிக்கொண்டால் இருக்க இன்னும் 2 நாள். நாலு பேருக்கு 96 லீற்றர், அதாவது 20 லீற்றர் கேன் ஐந்து. ஒரே பீப்பாயில் ஊற்றாதீர்கள், அது ஒழுகினால் எல்லாம் போய்விடும். வேர்த்து வேர்த்து உப்பு இறங்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஊரிலிருந்து போகும்போது பத்துப் பக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) எடுத்துப் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். ஜூன், ஜூலையில் இந்தத் தண்ணீர்க் கணக்கே செல்லாது, அப்போது போகவே வேண்டாம்.

அடுத்தது டயர். அந்த வீடியோவில் டயரைப் பாருங்கள், தார் ரோட்டில் ஓடுகிற காற்றோடு அப்படியே உருண்டையாக நிற்கிறது. 35 பி.எஸ்.ஐ. காற்றோடு மென்மணலில் இறங்கினால் சக்கரம் மண்வெட்டி போல வெட்டிக்கொண்டு கீழேதான் போகும். 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மணலின் மேல் நிற்கும். அதற்காக 10க்குக் கீழே இறக்கிவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பித் தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றை அளக்கும் மீற்றரும், காற்றடிக்கும் கம்பிரசரும் இல்லாமல் இறங்காதீர்கள். நீளப் பிடி மண்வெட்டி ஒன்று, சக்கரத்துக்குக் கீழே போடும் பலகை ஒரு சோடி, இழுவைக் கயிறு. கயிற்றைப் பின்னால் இருக்கும் ட்ரெய்லர்க் குமிழில் மாட்டவே கூடாது. அது உடைந்து பறந்தால் ஆளைக் கொல்லும்.

புதைந்ததும் அந்தத் தம்பி செய்தது என்ன? அக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி இறங்கி, கடைசியில் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுங்கள். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் வண்டியின் அடிமணலைத் தோண்டுங்கள், இன்னும் கொஞ்சம் காற்றை இறக்குங்கள், பலகையைப் போடுங்கள்.

"நாங்க மலையில வளந்தவங்க, எங்களுக்கு வழி தெரியாதா" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்ம மலையில் தொலைந்தால், கத்தினால் ஏதாவது ஒரு தோட்டத்து டிவிஷனில் யாருக்காவது கேட்கும். அங்கே கேட்க யார் இருக்கிறார்? வண்டியை விட்டு நடந்தவர்கள் செத்திருக்கிறார்கள். தேடுபவர்கள் கண்ணில் ஆளுக்கு முன்னே வண்டிதான் படும். அதன் நிழலிலேயே இருங்கள். பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டலாம். ஸ்பெயார் டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வண்டியிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்தினால் கறும்புகை தூரத்துக்குத் தெரியும்.

"பழைய காலத்து ஆட்கள் ஜி.பி.எஸ். இல்லாமல் போகவில்லையா" என்றும் ஒரு கேள்வி. போனார்கள். ஆங்கிலேயரான பேர்ட்ரம் தோமஸ் 1930 டிசம்பரில் ஓமானின் சலாலாவிலிருந்து புறப்பட்டு, ரூபுல் காலி என்ற பெரும் பாலைவனத்தைக் கடந்து 1931 பெப்ரவரியில் தோஹா சேர்ந்தார். குளிர்காலம், கிணற்றுக்குக் கிணறு கணக்கு, கூடவே அந்த மணலிலேயே பிறந்த ரஷீத் கூட்டத்தார். வழிகாட்டிய சாலிஹ் பின் கலூத் இல்லாமல் அவர் ஓர் அடி வைத்திருக்க முடியாது. உழைத்துச் சுமந்தவர் பெயர் பின்னால் போவது நமக்குப் புதிதா?

"வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு, இரண்டு வண்டிக்கு எங்கே போக?" இது நியாயமான கேள்வி. அப்படியானால் ஆழமாகப் போகாதீர்கள். கூட்டம் எல்லாம் ரோட்டோரத்து முதல் மணல்மேட்டிலேயே நின்றுவிடும். உறுதியான சரளைத் தரையில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் உள்ளே போனாலே அமைதி கிடைக்கும், நடந்தே திரும்பலாம். வாதி என்கிற காய்ந்த ஆற்றுப் படுகைக்குள் மட்டும் படுக்காதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு துளியும் விழாமலே வெள்ளமாக வந்துவிடும்.

இன்னொருவர் என்னைப் பொறாமைக்காரன் என்கிறார். அதற்குப் பதில் சொல்ல மனமில்லை. அங்கே ஒருவர் இறந்தால் உடல் ஊர் வந்து சேர எத்தனை வாரம் ஆகிறது, எத்தனை கடுதாசி வேண்டும், எந்தக் கதவையெல்லாம் தட்ட வேண்டும் என்று அந்தத் தாய்மாரிடம் கேளுங்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கந்தோர் கந்தோராக அலைகிறவர்கள் அவர்கள். அப்போது இந்த நானூறு பேரில் யார் கூடப் போவார்கள்?

ஆகவே போகுமுன் ஒரு தாள் எழுதுங்கள். வண்டி இலக்கம், நிறம், எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். அதை ஹட்டனில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிப் பயனில்லை. முகாமில் அரபு பேசத் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். ஓமானில் 9999, அமீரகத்தில் 999. கம்பனி வண்டியைக் கேட்காமல் எடுக்காதீர்கள். மணலில் ஓட்டினால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடைக்காது, அந்தக் கடன் சம்பளத்தில்தான் விழும். இரண்டாவது வண்டி கிடைக்கும் வரை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப் போடுங்கள், தம்பிமாரே.