ஒரு கேபிளைக் கழற்றிப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு வரலையே!

மூன்று வாரம், மூன்று பட்டறை, 17,000 ரூபாய். கடைசியில் கோளாறு எதில் தெரியுமா? 350 ரூபாய் ஆக்ஸிலேட்டர் கேபிளில்! வயிறு எரிகிறது.

என்னுடையது 1998 மாடல் டீசல் மினி லாரி. தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றி, திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்லோ ஸ்பீடு, அதாவது மிதியை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், சரியாக இருக்கும். முசிறி தாண்டியதும் மிதியிலிருந்து காலை எடுத்தாலும் ரேஸ் இறங்காது. வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. ஆனால் ஸ்லோ ஸ்பீடில் டிரைவர் பக்கக் கண்ணாடி தடதடவென்று ஆடும். அது ஆடாமல் நின்றால் எஞ்சின் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். மார்க்கெட் சந்தில் ரிவர்ஸ் போட்டால் கியர் கறகறவென்று அலறும். பின்னால் தலையில் தாரோடு ஆட்கள் நிற்கிறார்கள். கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

முதல் பட்டறையில், "எங்கேயோ ஏர் இழுக்குதுண்ணே" என்று ஹோஸ்களை மாற்றினார்கள். அது பெட்ரோல் வண்டிக்குச் சொல்ல வேண்டிய காரணம். கார்புரேட்டருக்குக் கீழே காற்று கசிந்தால் ஸ்லோ ஸ்பீடு ஏறும், சரி. என் டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டிலே கிடையாதே! பம்ப் தள்ளுகிற டீசலை வைத்துத்தான் வேகம். தினமும் டீசல் எஞ்சின் பிரிக்கிறவருக்கு இது தெரியாதா?

இரண்டாவது பட்டறைக்காரர் வண்டியில் ஏறக்கூட இல்லை. "சூடானா ஏறுதுன்னா கவர்னர்தான்" என்று, பம்புக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தின் மேல் பழி போட்டு, பம்பை இறக்கி, அதன் சீல் உடைத்து, டீசலைப் பீய்ச்சும் நான்கு நாசிலையும் கழற்றிவிட்டார். அதற்கு மட்டும் 15,000. வண்டியை எடுத்து வந்தேன். முசிறி தாண்டியது, ரேஸ் அப்படியே நின்றது.

மூன்றாவது ஆள் செய்ததுதான் கொடுமை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்லோ ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, "இப்ப இறங்கிடுச்சு பாருங்க" என்றார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு, முழு லோடு ஏற்றிய பிறகு, மிதியிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் அணைந்தது. சூடானதும் பழையபடி ரேஸ். இரண்டு கஷ்டமும் சேர்ந்துகொண்டது!

பொறுக்க முடியாமல் ரோட்டோரம் நிறுத்தி, சீட்டைத் தூக்கி நானே பார்த்தேன். மிதியை மிதித்தால் கேபிள் இழுக்கிற பம்ப் லீவர், காலை எடுத்த பிறகும் அந்த ஐடில் ஸ்க்ரூவில் வந்து உட்காரவே இல்லை. நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளி. உட்காராத லீவருக்கு ஸ்க்ரூவைத் திருகி என்ன பயன்? லீவரை விரலால் தள்ளினேன், எஞ்சின் உடனே அடங்கியது. கேபிளைக் கழற்றினேன், அப்படியே அடங்கி நின்றது. அப்படியென்றால் பம்பில் ஒரு குறையும் இல்லை.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், கிளிப் உடைந்து அது சைலன்சர் குழாய் மேல் கிடக்கிறது. மேலுறை உருகி, உள்ளே கம்பி இழை பிரிந்து முள்ளாக நிற்கிறது. குழாய் சூடானால் உறை இளகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். இவ்வளவுதான்.

கேபிளைக் கழற்ற இரண்டு நிமிடம் ஆகுமா? கழற்றி ரேஸ் இறங்கினால் கேபிள், மிதி, ஸ்பிரிங் பக்கம் பார். இறங்காவிட்டால் அப்புறம் பம்பைத் தொடு. "ஆறியிருந்தால் சரியாக இருக்கு, மிதி கொஞ்சம் கனமாக இருக்கு" என்று நான் ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். "நீங்க டீ குடிச்சிட்டு வாங்கண்ணே" என்றார்களே தவிர, யாராவது காதில் வாங்கினார்களா?

உருகிய கேபிளைக் கொண்டுபோய் அந்த இரண்டாவது பட்டறை மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பம்புக்கும் வயசாச்சு இல்லண்ணே, சர்வீஸ் பண்ணது நல்லதுதான்" என்கிறார். பம்பில் என்ன தேய்ந்திருந்தது, எதை மாற்றினீர்கள், பில்லில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். இன்றுவரை அந்தப் பில் வரவில்லை.